சாபம் தீர்ந்த மறுநாள்

இதிகாசப் பெயர் ஒன்று கவிதையில் வந்துவிட்டால் போதும், மரபின் தொடர்ச்சி என்று எழுதிவிடுகிறோம். கர்ணனும் சீதையும் இப்படி எத்தனையோ வரிகளில் கூலியில்லாமல் உழைத்திருக்கிறார்கள். பெயரை எடுத்துவிட்டால் அவற்றில் அனுபவம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. புராணமும் இலக்கியமும் அன்றாட வாழ்வும் சந்திக்கிற இடம் வேறு என்று எனக்குப் படுகிறது. புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ (1943) கதையை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

வால்மீகியில் அகலிகை கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் படாமல், காற்றே உணவாக, சாம்பலில் கிடக்கிறாள். கம்பனில் கல்லாகிறாள். இருவரிடமும் ராமன் வந்ததும் சாபம் தீர்கிறது. கௌதமனோடு அவள் சேர்கிறாள். காவியம் மிதிலைக்கு நகர்கிறது. அதற்குமேல் அவளிடம் அதற்கு வேலையில்லை.

புதுமைப்பித்தனிடம் விமோசனம் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. கதை அதன் மறுநாளில் இருக்கிறது. அவள் ஆற்றுக்குக் குளிக்கப் போகவேண்டும். ரிஷிபத்தினிகள் அவளைக் கண்டு விலகுகிறார்கள். யாரேனும் சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னாலும் அதற்குள் வேறு அர்த்தம் இருக்குமோ என்று மனசு நடுங்குகிறது. தெய்வம் ஒரு கணத்தில் கொடுத்த மன்னிப்பைக் குளிக்கும் துறை கொடுக்க மறுக்கிறது.

இந்தத் துறையை நான் புராணத்தில் தேடவேண்டியதில்லை. வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவந்த பெண் குடத்தோடு வரும்போது பேச்சு நின்றுபோகிற தெருக்குழாயைப் பார்த்திருக்கிறேன். புருஷன் ஏற்றுக்கொண்டுவிட்டான், குழாயடி ஏற்கவில்லை. அந்த மௌனத்தின் கொடுமை கதையைப் படித்தபின்தான் எனக்கு உறைத்தது. அதைப் பார்த்திருந்ததால்தான் கதையும் வசப்பட்டது.

முடிவில், அக்னிப்பிரவேசத்தைப் பற்றிச் சீதை வாயாலேயே தெரிந்துகொள்கிறாள் அகலிகை. தன் சாபம் தீர்த்தவனே மனைவியிடம் நிரூபணம் கேட்டான் என்றதும் மறுபடி கல்லாகிறாள். இதை ராமன்மீது தொடுத்த வழக்காகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. ராமனை அவளைப்போல் நம்பியவர் அந்தக் கதையில் வேறு யாருமில்லை என்பேன். அவ்வளவு நம்பியதால்தான் அவள் அப்படி உடைய நேர்கிறது.

புராணத்தை அலட்சியம் செய்கிறவனோ பூஜையறையில் வைத்துப் பூட்டுகிறவனோ இதை எழுதியிருக்க முடியாது. ராமன் கொடுத்தது மெய்யென்றால், துறையில் தனியாக நிற்பவளுக்கு அதனால் என்ன ஆயிற்று என்று கேட்டவன் எழுதினான். அடுத்த கவிதையில் அகலிகையைக் கூப்பிடுகிறவர் இதைக் கேட்டுவிட்டுக் கூப்பிடட்டும்.