எதிரெதிராய் நகரும் முனைகள்

இரண்டு தண்டவாளப் பாதைகள் மிகச் சாய்வாக ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், சக்கரத்துக்குக் கொஞ்ச தூரம் வழிகாட்ட எதுவும் இருக்காது. நடுவில் எதிரும் புதிருமாக விழும் இரு விரிகோண முனைகளிலும் ஒரே நேரத்தில் இடைவெளி. சாய்வு கூடக்கூட அந்த இடைவெளியும் நீளும். அதனால்தான் பிரிட்டிஷ் ரயில்வே 8-க்கு 1 என்ற கோணத்தைவிடத் தட்டையான டைமண்ட் கிராசிங்கில் (பாதைகள் இப்படி வெட்டும் இடத்தில்) முனைகளை நகரும்படி அமைத்தது. 1:76 அளவு மாதிரி ரயில் பாதையில் இதைச் செய்வது வீண் வேலை, சக்கர விளிம்பு தடிமன்தானே, அசையாத முனையே போதும் என்பார்கள். பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டும் பொம்மைக்கு அது சரி. ஆனால் அசலில் 44 மில்லிமீட்டராக இருக்கும் விளிம்பு வழியை (சக்கர விளிம்பு போகும் இடைவெளியை) அளவு மாறாமல் குறுக்கினால் 0.6 மில்லிமீட்டர்கூட வராது. விளிம்பும் அதற்கேற்ப மெலியும். அப்போது அசலின் சிக்கலே மேசைக்கும் வந்துவிடும்.

அருகில் குனிந்து பார்த்தால்தான் இதன் அழகு. இடப்பக்க முனைகள் இரண்டும் ஒரு கம்பியில் பிணைந்து பாதைக்குக் குறுக்கே ஒரு பக்கம் நகர்ந்தால், வலப்பக்க இரண்டும் எதிர்ப்பக்கம் நகர வேண்டும். ஒரே திசையில் நகர்ந்தால் எந்தப் பாதையும் திறக்காது. ஒரு பாதையிலிருந்து மற்றதற்கு இரு பக்கமும் மாறவிடும் டபுள் ஸ்லிப் என்றால் இந்த நான்கோடு இன்னும் எட்டு நகரும் நாக்குகள் (பொறுமைக்குத் தனிக் கணக்கு). அசையும் உறுப்பு கூடினால் கோளாறும் கூடும் என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் கம்பியின் பற்றவைப்பு விட்டுப்போனால் மறுபடி வைக்கலாம். தட்டையான இடைவெளியில் தடம் தவறும் சக்கரத்தை எப்படித் திருத்துவது?