கோமாளிகளின் பேச்சு: ‘மரிக்கார்’ ராமதாஸின் நகைச்சுவைக் கலை குறித்து

இலங்கைத் தமிழ் ஒலிபரப்பில் நகைச்சுவையை எழுதி, அதில் தாமே நடித்து, அதற்கென ஒரு குழுவைத் திரட்டி, வானொலியில் விளைந்ததைத் திரைக்கும் கொண்டுசென்றவர்கள் மிகச் சிலர். அவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் எஸ். ராமதாஸ். 1970களில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் ஒலிபரப்பில் இடம்பெற்ற ‘கோமாளிகள் கும்மாளம்’ என்னும் தொடரும், அதிலிருந்து கிளைத்த ‘கோமாளிகள்’ (1976) திரைப்படமும் அவருக்குப் பெயர் தேடித் தந்தன. தேடித் தந்த பெயர் அவருடைய இயற்பெயரையே பின்தள்ளிவிட்டது என்றாலும் தகும். அவர் ஏற்ற பாத்திரம் அவருக்கு முன்னொட்டாகி ‘மரிக்கார்’ ராமதாஸ் என்றே அவர் அறியப்பட்டார். உடன் நடித்த டி. ராஜகோபால் ‘அப்புக்குட்டி’ ஆனார், எஸ். செல்வசேகரன் கடைசிவரை ‘உபாலி’ செல்வசேகரனாகவே இருந்தார். நேயர்கள் பாத்திரத்தையும் நடிகரையும் பிரித்துப் பார்க்காத அளவுக்கு ஊன்றிப்போன இந்தக் கலையின் புகழ் ஐயத்துக்கு இடமற்றது. அது எதைச் சாதித்தது, எதைத் தொடாமல் விலகிச் சென்றது என்பதே ஆராயத்தக்கது.

குழுவின் அமைப்பிலேயே ராமதாஸின் தயாரிப்பு அறிவு தெரிகிறது. மரிக்கார் ஒரு முஸ்லிம், அப்புக்குட்டி யாழ்ப்பாணத்தான், உபாலி தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசும் சிங்களவன், நான்காமவர் பிராமணத் தமிழ் பேசும் ஐயர். இவர்களுள் முஸ்லிமாக நடித்த ராமதாஸ் இந்து; ஐயராக நடித்தவரோ அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீத். ஒரு சமூகத்தைக் கேலி செய்யும் உரிமையை வேறொரு சமூகத்தவரின் நாவுக்கு வழங்கி, அவருடைய சமூகத்தைக் கேலி செய்யும் உரிமையை இன்னொருவருக்குக் கொடுத்த இந்த மாற்றுப் பங்கீடு, புண்படுத்தும் கேலியைக் கொடுக்கல் வாங்கலாக்கியது. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே கூடத்தில் ஒரே ஒலிவாங்கியின் முன் நின்றனர் என்பதை நேயர்கள் அறிந்திருந்தமையால், சிரிப்பில் நஞ்சு கலக்கவில்லை.

வானொலி நாடகம் கண்ணுக்கு எதையும் தராதது. பேசுபவர் யார் என்பது முதல் வாக்கியத்திலேயே காதுக்குப் புலப்பட வேண்டும். வட்டார வழக்கு, அதாவது ஒரு நிலத்துக்கோ சமூகத்துக்கோ உரிய பேச்சுமொழி, இந்தத் தொழில்நுட்பச் சிக்கலுக்குக் கிடைத்த எளிய தீர்வு. ‘என்ன செய்யிறியள்’ என்றதும் யாழ்ப்பாணமும், ‘ஈக்கி’ என்றதும் தென்னிலங்கை முஸ்லிம் வீடும், ‘நேக்கு’ என்றதும் அக்கிரகாரமும் தாமே வந்து நின்றுவிடுகின்றன. சிங்களவரின் கொச்சைத் தமிழ் இவற்றிலும் நுட்பமானது. பேச்சுச் சிங்களத்தில் ‘மம யனவா’ (நான் போகிறேன்), ‘எயா யனவா’ (அவர் போகிறார்), ‘அபி யனவா’ (நாங்கள் போகிறோம்) என எழுவாய் மாறினாலும் வினைமுற்று மாறுவதில்லை. திணை, பால், எண், இடம் ஆகிய அனைத்தையும் விகுதியில் காட்டும் தமிழை அந்தப் பழக்கத்தோடு பேசப் புகுபவர், மரியாதைக்குரியவரை ‘போறான்’ என்பதும் தம்மையே படர்க்கையாக்கிக்கொள்வதும் இயல்பு. கொழும்பில் வாழ்ந்த எவரும் பேருந்திலும் கடையிலும் இந்தத் தமிழைக் கேட்டிருப்பார்கள். உபாலி என்னும் பாத்திரம் நிலைபெற்றதற்கு இந்தப் பிழையின் உண்மையே காரணம். வாய்க்கு வந்தபடி உளறியிருந்தால் அவனை எவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பேச்சுகள் கூடிப் புழங்கிய நகரமும் இங்கே கணக்கில் வரவேண்டும். வெள்ளவத்தையில் அரசாங்க உத்தியோகத்துக்காக வந்து குடியேறிய யாழ்ப்பாணத்தார் அடர்ந்திருந்தனர். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தையும் புறக்கோட்டை வணிகத்தையும் நம்பிய இந்திய வம்சாவளித் தமிழரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த வாசல்களில் வாழ்ந்தனர். யாழ்ப்பாணக் கிராமத்தைப் பின்னணியாகக் கொண்ட இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ போன்ற முந்தைய வானொலி நாடகங்களில் இல்லாத கொழும்பு, ராமதாஸின் தொடரில்தான் தன் குரலைக் கேட்டது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாகி, 1972 அரசியலமைப்பு அதை உறுதிப்படுத்திய பின்னர், அரசு வானொலியில் நான்கு வகைத் தமிழ் சரிசமமாக அமர்ந்து வம்பளந்தது சிறிய காரியமன்று. அதே காலத்தில் அன்னஸ்லி டயஸ், பர்ட்டி குணதிலக, சாமுவேல் ரொட்ரிகோ மூவரும் சிங்கள ஒலிபரப்பில் ‘வினோத சமய’வை நடத்திப் பெரும்புகழ் ஈட்டினர், ஆயினும் இருமொழிப் புழக்கத்தின் உரசலையே நகைச்சுவையின் ஊற்றாகக் கொள்ளும் தேவை பெரும்பான்மை மொழியாருக்கு அந்த அளவில் இருக்கவில்லை.

குறைகளும் இதே வேரிலிருந்தே முளைக்கின்றன. பேச்சு சிரிப்பைத் தருவது, பாத்திரம் செய்யும் காரியம் சிரிப்பைத் தருவதைக் காட்டிலும் எளிது. எளிது என்பதால் எழுத்தாளரைச் சோம்பலாக்கும். அப்புக்குட்டி வாய் திறந்தாலே கூடம் சிரிக்குமென்றால், அவனுக்கு ஒரு ஆசையையோ அச்சத்தையோ ஒரு சிக்கலையோ படைத்துத் தரும் கட்டாயம் எழுத்தாளருக்கு இல்லாமற் போகிறது. முதல் வாரத்தில் எப்படி இருந்தார்களோ அப்படியே கடைசி வாரத்திலும் இருப்பவர்களை மாதிரியுருக்கள் என்பர், அதாவது ஒரு குழுவின் பொதுப்பண்பை மட்டும் சுமந்து தனியாளாக வளராத பாத்திரங்கள்; நால்வரும் அந்த வகையினரே. பெண் குரலுக்கு இந்த நால்வருக்கு நிகரான இடம் வாய்க்கவில்லை என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். உபாலியின் தமிழைக் கேட்டுத் தமிழர் சிரித்ததில், அலுவலகங்களில் தங்கள் சிங்களம் கேலிக்குள்ளானதற்கு ஈடுகட்டிக்கொண்ட ஒரு சின்னப் பழிவாங்கலும் இருந்திருக்கக்கூடும்.

இன்னொரு குறை, அன்றாட நடப்பையும் ஆட்சியையும் தொடாமை; அது ஊடகத்தையும் சார்ந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜானி கார்சன் 1962 முதல் 1992 வரை நடத்திய பின்னிரவு நிகழ்ச்சி போன்றவற்றில், எழுத்தாளர் குழுவொன்று அன்றைய செய்தியை அன்றிரவே நகைச்சுவையாக்கித் தருவது வழக்கம். நாட்டின் அதிபரும் அதற்கு விலக்கல்லர். தமிழகத்தில் சோ ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தை 1968இல் மேடையேற்றி ஆட்சியாளரை நேருக்கு நேர் எள்ளினார். கொழும்பிலோ வானொலி அரசுக்குச் சொந்தமானது. 1971 கிளர்ச்சிக்குப் பின் 1977 வரை அவசரகாலச் சட்டமும் நீடித்தது. இந்த நிலையில் அரசியல் எள்ளலை ராமதாஸிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆயினும் பாண் வரிசையும் அரிசித் தட்டுப்பாடும் வீட்டுக்கு வீடு நாடகமாக நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் உருவான ஒரு தொடரைப் பற்றி இன்று எவரும் நினைவுகூர்வது அதன் குரல்களை மட்டுமே என்பது, கட்டுப்பாட்டை அவர் ஒரு வசதியாகவும் கொண்டாரோ என்று கேட்கத் தூண்டுகிறது.

தென்னிந்தியப் படங்களின் இறக்குமதி 1970களில் கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்கு ஒரு வாசல் திறந்தது. அதில் நுழைந்த ‘கோமாளிகள்’, எஸ். ராமநாதனின் இயக்கத்தில் வானொலி நேயர்களைத் திரையரங்குக்கு இழுத்து வந்தது. 1978இல் ‘ஏமாளிகள்’ தொடர்ந்தது. வணிகக் கணக்கில் இது கூர்மையான முடிவு, ஏனெனில் விளம்பரம் ஏற்கனவே வானொலியில் முடிந்திருந்தது. கலைக் கணக்கு வேறு. முகம் தெரியும் இடத்தில் குரலால் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. காதுக்காகத் தீட்டிய உரையாடல் கண்ணுக்கு முன் நீண்டு தெரிந்தது.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக மூண்ட வன்முறையில் இந்த நகைச்சுவை நின்றிருந்த நிலமே சரிந்தது. 1958இலும் 1983இலும் தமிழரை இனங்காண, வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்னும் சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லிக் கும்பல்கள் சோதித்தமை பதிவாகியுள்ளது. உச்சரிப்பு உயிருக்கு உலையாகிய நகரத்தில் உச்சரிப்பைக் கொண்டு சிரிக்கவைப்பது முன்போல் இயலாது. ராமதாஸ் சென்னைக்குப் பெயர்ந்து 2016இல் அங்கேயே காலமானார்; ராஜகோபால் பிரான்சுக்குச் சென்றார்; செல்வசேகரன் 2012இல் மறையும் வரை கொழும்பிலேயே நடித்தார். குறிப்பிட்ட நான்கு குரல்களுக்கென எழுதப்பட்ட கலை, குரல்கள் பிரிந்ததும் பிறர் கைக்கு மாறவில்லை. 1982இல் தொடங்கிய அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியில் தமிழுக்குக் கிடைத்த சொற்ப நேரமும் அப்படியொரு குழு மீண்டும் உருவாகத் துணைநிற்கவில்லை.

கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ என்னும் தனிநபர் நடிப்போடு ஒப்பிட்டால் ராமதாஸின் இடம் தெளிவாகும். அங்கே பேருந்து நடத்துநரின் பேச்சு வழக்கு அடித்தளம் மட்டுமே. நெரிசலிலும் அவசரத்திலும் அவன் படும் பாடே சிரிப்பைத் தருகிறது. எழுத்தாளர் என்ற அளவில் ராமதாஸ் அந்த உயரத்தை எட்டவில்லை. ஆனால், பகைமை வளர்ந்துகொண்டிருந்த ஒரு தலைநகரில் நான்கு சமூகங்களின் நாவையும் ஒரு கூடத்துக்குள் அழைத்துவந்து, ஆளுக்கொரு பங்கு கேலியைப் பிரித்துக் கொடுத்த தயாரிப்பாளர் என்ற வகையில், இலங்கைத் தமிழ் ஒலிபரப்பில் அவருக்கு இணையாக வேறொருவர் இல்லை.