அரை மணி நாட்டியங்கள்

நியூயார்க்கில் கோடை பிறந்ததும் ஓபரா பாடகர்கள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். அவர்கள் காலி செய்துவிட்டுப் போன மெட்ரோபாலிடன் ஓபரா மாளிகைக்குள் 'அமெரிக்கன் பாலே தியேட்டர்' என்ற நாட்டியக் கோஷ்டி குடிவந்துவிடும். கொள்ளை நோய் உலகத்தையே வீட்டுக்குள் அடைத்து வைத்த 2020, 2021 இரண்டு வருஷங்களை விட்டுவிட்டால், ஏறக்குறைய அரை நூற்றாண்டாக நடந்துவரும் ஏற்பாடு இது. முன்பெல்லாம் எட்டு வாரம் ஆடுவார்கள். 2022-ல் திரும்பி வந்தபோது அது ஐந்து வாரமாகச் சுருங்கியிருந்தது.

கோடைக்குப் பல மாதங்கள் முன்னாலேயே நிகழ்ச்சி நிரல் வெளிவந்துவிடும். எந்த வாரம் எந்த நாட்டியம், எந்த ராத்திரி எந்த நர்த்தகி என்பதெல்லாம் அதில் கண்டிருக்கும். ரஸிகர்கள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து வட்டம் போட ஆரம்பித்துவிடுவார்கள். மார்கழியில் நம் சபாக்களின் நோட்டீஸ்களை வைத்துக்கொண்டு, ஒரே மாலையில் இரண்டு இடத்துக்கு எப்படிப் போகலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்தக் காட்சியை விவரிக்க வேண்டியதில்லை.

வரப்போகும் கோடைக்கு நிரலைக் கையில் எடுக்கும் வாசகர், அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், என்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். 2023 கோடையை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஜிஸெல்', 'ஸ்வான் லேக்', 'ரோமியோ-ஜூலியட்', 'லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்' என்று மொத்தம் நாலு நாட்டியங்கள். நாலும் மாலை முழுவதும் ஓடக்கூடியவை. அடுத்த வருஷம் புஷ்கினின் 'ஒனேகின்' வந்தது. வர்ஜினியா உல்ஃபின் நாவல்களை வைத்துச் செய்த 'உல்ஃப் ஒர்க்ஸ்' வந்தது. 2025-ல் ஷேக்ஸ்பியரின் 'விண்டர்ஸ் டேல்'. ஒரு வாசகசாலையில் நாவல் அலமாரியைத் திறந்துவிட்டது போலிருக்கிறது! நாவல் எழுதிப் பிழைக்கிறவன் இதைக் கண்டு பூரித்துப் போக வேண்டும் அல்லவா? எனக்கு என்னவோ சங்கடமாகத்தான் இருக்கிறது. காரணம், இந்தக் கோஷ்டி நாவலில் பிறந்ததல்ல. சிறுகதையில் பிறந்தது.

1940-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி 'பாலே தியேட்டர்' என்ற பெயரில் இது முதல் ஆட்டம் ஆடியது. லூசியா சேஸ் என்ற செல்வந்தரான விதவை தம் பணத்தை அள்ளிக் கொடுத்து அதை வளர்த்தார். அந்த நாளில் அவர்கள் ஒரு மாலைக்கு மூன்று அல்லது நான்கு குறு நாட்டியங்களை வரிசையாக ஆடுவது வழக்கம். ஒவ்வொன்றும் அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. ஒன்று சோகம், ஒன்று ஹாஸ்யம், ஒன்று கதையே இல்லாத சுத்த நர்த்தனம். அமெரிக்காவில் பாலே என்றால் ரஷ்யச் சரக்கு என்றிருந்த நினைப்பை மாற்றியவற்றில் இந்த அரை மணி நாட்டியங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இராஜகுமாரர்களும் அன்னப் பறவைகளும் சாதிக்காத காரியம் அது.

அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் சற்று விஸ்தாரமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஆன்டனி டியூடர் அமைத்த 'பில்லர் ஆஃப் ஃபயர்', அதாவது அக்கினித் தூண். 1942 ஏப்ரல் 8-ந் தேதி அரங்கேறியது. மூன்று சகோதரிகள். மூத்தவள் கல்யாணமாகாமலே காலம் கடந்து போனவள். இளையவள் குறும்புக்காரி, ஆண்பிள்ளைகளை விரல் நுனியில் ஆட்டி வைக்கிறவள். நடுவில் ஹாகர். அவள் மனத்தில் ஒருவனை வரித்திருக்கிறாள். அவனோ தங்கையிடம் சிரித்துப் பேசுகிறான். தானும் அக்காவைப் போல் ஆகிவிடுவோமோ என்ற பயம் ஹாகரைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பயத்தில், எதிர்வீட்டுக்காரன் ஒருவனிடம், அவன்மேல் ஆசையே இல்லாமல், போய் விழுகிறாள். ஊர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கடைசியில், அவள் நேசித்தவன் அவளைத் தேடி வந்து ஏற்றுக்கொள்கிறான். கதை இவ்வளவுதான்.

திரை தூக்கும்போது ஹாகர் வீட்டு வாசற்படியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாள். மெதுவாக ஒரு கை மேலே போய்த் தலைமயிரை ஒதுக்குகிறது. அந்த ஓர் அசைவில் அவள் எத்தனை வருஷமாக அந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறாள், தெருவில் போகிறவர்கள் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறாள் என்பதெல்லாம் வந்துவிடுகிறது. நாங்கள் இதைச் சொல்ல இரண்டு அத்தியாயம் எடுத்துக்கொள்வோம். நோரா கே என்ற நர்த்தகி அன்று ராத்திரி ஹாகராக ஆடினார். அரங்குக்குள் போகும்போது கோஷ்டியில் பலரில் ஒருவர். வெளியே வரும்போது நட்சத்திரம். கல்யாணமாகாத அக்காவாக ஆடியவர் யார் தெரியுமா? பணம் போட்ட அந்த லூசியா சேஸ் அம்மாளேதான். முதலாளியம்மாள் தமக்கென்று எடுத்துக்கொண்ட வேஷம் அது! மேடை ஏறும் நம் ஊர்ப் புரவலர்களை நினைத்துப் பார்த்தேன்; பேசாமல் மேலே எழுதுகிறேன்.

இரண்டு வருஷம் கழித்து, 1944 ஏப்ரலில், 'ஃபான்ஸி ஃப்ரீ'. கோஷ்டியில் ஆடிக்கொண்டிருந்த ஜெரோம் ராபின்ஸ் என்ற பையன் முதன்முதலாக அமைத்த நாட்டியம். சங்கீதம் லெனார்ட் பெர்ன்ஸ்டைன். இரண்டு பேருக்கும் வயது இருபத்தைந்து. கப்பலிலிருந்து ஒரு நாள் லீவில் இறங்கிய மூன்று மாலுமிகள், நியூயார்க்கில் புழுக்கமான ஒரு கோடை இரவு, தெருமுனையில் ஒரு மதுக்கடை, இரண்டே பெண்கள். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கு உதைக்கிறது. அதுதான் கதை. பெண்கள் வருவதற்கு முன்னால் மூன்று பேரும் சூயிங்கம் காகிதத்தைச் சுருட்டி, யாருடையது தூரம் போகிறது என்று சுண்டி விளையாடுகிறார்கள். வேலையற்ற வாலிபர்களின் அலுப்பை இவ்வளவு நன்றாகக் காட்டிய இடம் அதிகம் இல்லை. அந்த வருஷம் முடிவதற்குள் இதிலிருந்தே 'ஆன் தி டவுன்' என்ற பிராட்வே சங்கீத நாடகம் கிளம்பிவிட்டது.

கோஷ்டி இவற்றையெல்லாம் மறந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. குறு நாட்டியங்களை இலையுதிர் காலத்தில், பக்கத்திலேயே இருக்கும் சிறிய அரங்குக்கு எடுத்துப்போகிறார்கள். கோடையிலும், 2019 வரைகூட, ஒரு வாரம் ரட்மான்ஸ்கியின் மூன்று படைப்புகள், இன்னொரு வாரம் ட்வைலா தார்ப்பின் மூன்று என்று இடம் கொடுத்திருந்தார்கள். பிற்பாடு வெட்டு விழுந்தது இவற்றின்மேல்தான். கச்சேரியில் நேரமாகிவிட்டால் துக்கடாவைத் தானே விடுவார்கள்!

அவர்கள் சொல்லும் காரணம் லேசானதல்ல. மெட்ரோபாலிடன் மாளிகையில் சுமார் 3,800 ஆசனங்கள். ஒவ்வொரு ராத்திரியும் அத்தனையும் நிரம்ப வேண்டும். சர்க்கார் பணத்தை நம்பி அங்கே நாட்டியம் ஆட முடியாது. டிக்கெட்டும் தனவந்தர்களின் நன்கொடையும்தான் கதி. 'ஸ்வான் லேக்' என்று போட்டால் ஜனங்கள் வருவார்கள். பெயர் தெரியாத மூன்று உருப்படிகளை ஒரு மாலைக்கு என்று போட்டால், எதற்காக வருகிறோம் என்றே தெரியாமல் வீட்டில் இருந்துவிடுவார்கள். தொடர்கதை எழுதினால் பத்திரிகை விற்கிறது, சிறுகதைத் தொகுதி போட்டால் பிரசுரகர்த்தர் முகம் சுளிக்கிறார். இந்தச் சங்கதி எனக்குத் தெரியாததா?

ஆனால் இதோடு இன்னொரு காரணமும் சேர்த்துச் சொல்லுவது உண்டு. அவ்வளவு பெரிய அரங்கில் சின்ன நாட்டியம் எடுபடாது, ஹாகர் தலைமயிரை ஒதுக்குவது மேல்மாடிக்குத் தெரியாது என்று. இதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 'பில்லர் ஆஃப் ஃபயர்' அரங்கேறியது எங்கே? 'ஃபான்ஸி ஃப்ரீ' எங்கே? 1948-ல் ஆக்னஸ் டிமில் அமைத்த கொலைக்கதையான 'ஃபால் ரிவர் லெஜண்ட்' எங்கே? மூன்றும் பழைய மெட்ரோபாலிடன் ஓபரா மாளிகையில். 1966-ல் புது மாளிகை திறந்து, மறு வருஷம் இடிக்கப்பட்டதே, அந்தப் பழைய மாளிகையில். அதுவும் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட ஆசனங்கள் கொண்ட அரங்கம்தான். அன்றைய மேல்மாடிக்காரர்களுக்கு மட்டும் கழுகுக் கண்ணா?

முழு மாலை நாட்டியங்களை நான் இளப்பம் செய்வதாக யாரும் எண்ண வேண்டாம். 1841-ல் பாரிஸில் பிறந்த 'ஜிஸெல்' இன்றும் அழியாமல் இருக்கிறது. ஏமாந்து செத்த பெண், ஏமாற்றியவனைச் சாவிலிருந்து காப்பாற்றும் இரண்டாம் அங்கத்தைப் பார்த்துக் கண் கலங்காதவர் சொல்லும் விமரிசனம் எனக்கு வேண்டாம். 'ஸ்வான் லேக்'கில் ஒரே நர்த்தகி வெள்ளை அன்னமாகவும் கறுப்பு வஞ்சகியாகவும் ஆட வேண்டும். கறுப்பு வேஷத்தில் ஒற்றைக் காலில் முப்பத்திரண்டு சுற்று. தனி ஆவர்த்தனத்தில் தாளம் போடுகிறவர்களைப் போல ஜனங்கள் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். எண்ணி முடித்ததும் கரகோஷம். நடனம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். என்னைக் கேட்டால், அந்தச் சுற்றைவிட, பின்னால் வரிசை கலையாமல் மூச்சை அடக்கி நிற்கும் பெண்களைப் பார்ப்பதற்காகவே ஒரு டிக்கெட் வாங்கலாம். அதற்கு விலை குறைந்த மேல்மாடிதான் உத்தமம்.

புதிதாக வந்த நாவல் நாட்டியங்கள் எல்லாம் ஒரே தரம் அல்ல. 1965-ல் ஸ்டுட்கார்ட்டில் ஜான் கிராங்கோ அமைத்த 'ஒனேகின்' உயர்ந்தது. புஷ்கினின் காவியத்தில் ஒனேகின் தாத்தியானாவுக்குத் தோட்டத்தில் வைத்து உபதேசம் செய்கிறான். உபதேசத்தை எப்படி ஆடுவது? கிராங்கோ அவனை அவள் கடிதத்தைக் கிழித்துப் போட வைத்தார். கடைசிக் காட்சியில் அவன் எழுதிய கடிதத்தை அவள் கிழிக்கிறாள். நாவலிலிருந்து விலகியதாலேயே நாவலின் உயிரைப் பிடித்துவிட்டார். லௌரா எஸ்கிவெலின் மெக்ஸிகோ நாவலான 'லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்'டில் கிறிஸ்டபர் வீல்டன் இதற்கு நேர் எதிர். குடும்பத்தில் ஒருவரையும் விட்டுவிட மனசில்லை அவருக்கு. நிரலில் அச்சிட்ட கதைச் சுருக்கத்தை மூன்று தரம் படித்தாலொழிய யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பது விளங்காது. சமையலில் விழுந்த கண்ணீர் சாப்பிட்டவர்களையெல்லாம் அழ வைக்கிறதே, அது புத்தகத்தில் எவ்வளவு ருசியாக இருந்தது!

வெய்ன் மக்கிரிகரின் 'உல்ஃப் ஒர்க்ஸ்' விஷயம்தான் வேடிக்கை. முழு மாலை நாட்டியம் என்று பெயர். உள்ளே பார்த்தால் 'மிஸஸ் டாலவே', 'ஆர்லாண்டோ', 'தி வேவ்ஸ்' ஆகிய மூன்று நாவல்களை ஒட்டிய மூன்று தனித்தனி நாட்டியங்கள். ஒன்றுக்கொன்று கதைத் தொடர்பு கிடையாது. பழைய குறு நாட்டிய மாலைதான், ஒரு பிரசித்தமான பெயர் என்ற மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது! இதற்கு அந்தப் பெரிய மாளிகையில் இடம் இருக்குமானால், டியூடர் பெயரைப் போட்டு அவருடைய மூன்று நாட்டியங்களுக்கு ஏன் ஒரு வாரம் கொடுக்கக்கூடாது?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நான் சொன்ன புது நாவல் நாட்டியங்களில் மக்கிரிகருடையது 2015-ல், வீல்டனுடையது 2022-ல், இரண்டும் லண்டன் ராயல் பாலேயில் அரங்கேறிய பிறகுதான் நியூயார்க் வந்தன. இரண்டாவது, இரு கோஷ்டிகளும் சேர்ந்து தயாரித்தது. மூன்று அங்கம், புதுச் சங்கீதம், நூற்றுக்கணக்கான உடுப்புகள் என்றால், பிற இடத்தில் ஜெயித்ததா என்று விசாரித்துவிட்டுத்தானே கையை வைக்க முடியும்? இருபத்தைந்து வயதுப் பையனிடம் அதை யாரும் ஒப்படைக்க மாட்டார்கள். மூன்று மாலுமிகளையும் ஒரு மதுக்கடையையும் ஒப்படைக்கலாம். லூசியா சேஸ் ஒப்படைத்தார்.

எங்கள் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. முப்பது வருஷம் யாரும் படிக்காத சிறுகதை, பழைய பத்திரிகைக் கட்டுக்குள் செல்லரிக்காமல் இருந்தால், என்றாவது ஒருவன் எடுத்துப் படித்துவிடுவான். நாட்டியத்துக்கு அது இல்லை. குறியீடுகளில் எழுதி வைக்கிறார்கள், படம் பிடித்து வைக்கிறார்கள். ஆனாலும் ஹாகரின் கை எவ்வளவு மெதுவாக மேலே போக வேண்டும், போகும்போது அவள் எதை நினைக்க வேண்டும் என்பதை, ஆடியவர் பக்கத்தில் நின்று ஆடப்போகிறவருக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். டியூடர் 1987-ல் காலமானார். அவரிடம் நேராகக் கற்றுக்கொண்டவர்களில் இளையவர்களுக்குக்கூட இப்போது வயது அறுபதை நெருங்கியோ தாண்டியோ இருக்கும். சொல்லிக் கொடுப்பதற்கு அவர்களுக்கு வேண்டியது சில வாரங்களும் ஓர் ஒத்திகை அறையும்தான். கோடைக்கு முந்திய மாதங்களில் அந்த அறைகளில் அன்னங்கள் வரிசை பழகிக்கொண்டிருக்கின்றன.