மீட்டிய கை உளி பிடிக்கட்டும்!

காரைக்குடி என்ற பெயரைக் கேட்டதும் இசை அறிந்தோர் வீணையை நினைப்பர். சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் எனும் உடன்பிறந்தார் இருவரும் தம் வாசிப்பு முறைக்கு அவ்வூரின் பெயரையே நிலைக்கச் செய்துவிட்டனர். இளையவரான சாம்பசிவருக்கு 1952ஆம் ஆண்டு சங்கீத நாடக அகாதமியின் விருது கிடைத்தது. தகுதிக்குக் கிடைத்த சிறப்பு அது, மறுப்பாரில்லை. ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம்: வீணைக்கென்று பலாமரத்தைத் தேர்ந்து, குடைந்து, மெழுகிட்டு மெட்டுப் பதித்துத் தந்தவர் எவர்? விரலின் புகழ் பாடும் நூல்கள், அந்த உளியின் பெயரைச் சொல்வதுண்டா?

செட்டிநாட்டு மாளிகைகளைக் கண்டோர் பர்மாத் தேக்குத் தூண்களையும், வாயில் நிலைகளில் பூத்து நிற்கும் சிற்ப வேலையையும் கண்டு வியக்கின்றனர். மாளிகைக்கு உடையவர் பெயர் உண்டு. செதுக்கியவர் பெயர் எங்கே? வீட்டுக்கு நேர்ந்த கதியே வீணைக்கும் நேர்ந்தது.

அதே சிவகங்கை மாவட்டத்தில்தான் மானாமதுரை இருக்கிறது. பல கண்மாய்களின் மண்ணைக் கலந்து பிசைந்து, மரப்பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டி, மண்ணிலிருந்து ஒலியை வரவழைக்கும் கடக் கலைஞர்களின் ஊர் அது. அங்குக் கடம் செய்யும் மீனாட்சி என்ற மூதாட்டிக்கு அதே அகாதமியின் விருது 2014இல் வழங்கப்பட்டது. வாசித்தவரை 1952இல் தேடி வந்த விருது, இந்த மாவட்டத்தில் வனைந்தவரின் கையை எட்ட அறுபத்திரண்டு ஆண்டுகள் நடந்திருக்கிறது! காரைக்குடிக்கும் மானாமதுரைக்கும் இடையே அவ்வளவு தொலைவா? தொலைவு சாலையில் இல்லை, தோழர்களே, சாதியில் இருக்கிறது. வாசிப்பது ‘கலை’ என்றும், செய்வது ‘குலத்தொழில்’ என்றும் பிரித்து வைத்த சூழ்ச்சியில் இருக்கிறது.

என்றும் இப்படித்தான் இருந்ததா? முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையைப் புரட்டிப் பாருங்கள். யாழின் பத்தர், அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல், தைத்த தையல், அடித்த ஆணி என உறுப்பு உறுப்பாக ஒரு கருவியை அங்கே காண்கிறோம். நண்டின் கண்ணை ஆணிக்கு உவமை காட்டும் அளவுக்கு, செய்முறையை உற்று நோக்கிய பார்வை அது. அன்றைய பாணனுக்கு யாழ் வாழ்க்கைக் கருவி. அந்தப் பாணர் குடியைத்தான் பின்னாளில் தீண்டத்தகாதோர் வரிசையில் தள்ளினர்.

பெரிய புராணம் கூறும் யாழ்மூரிக் கதையையும் எண்ணிப் பாருங்கள். சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லையாம், திருநீலகண்ட யாழ்ப்பாணர் வெட்கமுற்று யாழையே உடைக்க ஓங்கினாராம், சம்பந்தர் தடுத்தாராம். பக்தர் இதில் அருளைக் காண்கின்றனர். நாமோ ஓர் அறிவுக் கேட்டைக் காண்கிறோம். பாட்டு கருவியில் அடங்காவிடில், கருவியைத் திருத்து! நரம்பைக் கூட்டு! பத்தரை மாற்று! கேட்க வேண்டிய கேள்வி இதுவாக இருக்க, ‘உடைத்துவிடு, பிறகு வணங்கு’ என்று கற்பித்த கதை ஆராய்ச்சிக்குக் கதவடைத்த கதையன்றோ?

கதவைத் திறந்து வைத்த நாட்டில் நடந்ததென்ன? ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த தச்சர் அந்தோனியோ டி டோரஸ், 1862இல் ஒரு கிதாரின் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்தார். விளையாட்டுக்கு அன்று. ஒலியின் உயிர்நிலை மேற்பலகையிலேதான் இருக்கிறது என்பதை மெய்ப்பிக்கச் செய்த சோதனை அது. இன்றைய ஸ்பானியக் கிதாரின் வடிவம் பெரிதும் அவர் வகுத்ததே. இங்கிலாந்தின் டேவிட் ரூபியோ (1934–2000) ஸ்பெயின் சென்று ஃபிளமெங்கோ கிதார் பயின்று, நடனக் குழுவுடன் வாசித்துத் திரிந்தவர். பின்பு அவரே உளியை எடுத்தார். ஜூலியன் பிரீம் போன்ற பெருங்கலைஞர் அவர் செய்த கருவிகளில் வாசித்தனர். அங்கே தச்சர் ஆராய்ச்சியாளரானார், இசைஞர் தச்சரானார். கிதாரின் வட்டத் துளைவழியே பார்த்தால், செய்தவரின் பெயர் தாங்கிய சீட்டு உள்ளே ஒட்டப்பட்டிருக்கும்.

நம் மண்ணிலும் கதவு அசைகிறது. அறிவியல் பயின்ற விபுலானந்தர், யாழின் அமைப்பைக் கணக்கிட்டு ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். நாதசுரச் சக்கரவர்த்தி இராசரத்தினத்திற்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி பாரி நாதசுரத்தை உருவாக்கினார். வாசிப்பவரின் செவியும் செய்பவரின் கையும் கூடியதால் பிறந்த கருவி அது. இன்று மதுரை இளைஞர் தருண் சேகர், கட்டடக்கலை பயின்றவர், ஆரோவில்லில் எரிசா நியோகியிடம் கிதார் செய்யக் கற்று, அந்தக் கைத்திறத்தோடு யாழை வடித்திருக்கிறார். 2021இல் வந்த ‘அழகி’ என்னும் பாடலில் அந்த யாழ் ஒலித்தது. பட்டம் பெற்ற கை மரத்தூளில் தோய்வதை வரவேற்கிறோம்.

ஆயினும் பாராட்டுவோரிடம் நமக்கு இரண்டு வழக்குகள் உண்டு. ‘ஈராயிரம் ஆண்டுக் கருவி உயிர்த்தெழுந்தது’ என்று எழுதுகின்றனர். உயிர்த்தெழுதல் மதத்தின் சொல். நமக்கு அது வேண்டா. இலக்கியம் சொன்னதையும் சிற்பம் காட்டியதையும் துணைகொண்டு, கிதார் செய்யும் இன்றைய அறிவால் ஆக்கிய புதுக்கருவி அது. புதிது என்பதே அதன் பெருமை. இரண்டாவது வழக்கு இதனினும் பெரிது. படித்தவர் உளி பிடித்தால் ‘கலைஞர்’; பரம்பரையாக உளி பிடித்தவர் வெறும் ‘ஆசாரி’, ‘குயவர்’! ஒரே வேலைக்கு இரு பெயர் சூட்டுவது மனுவின் பழக்கமன்றி வேறென்ன? இக்குற்றம் அந்த இளைஞருடையது அன்று. கைதட்டும் நம் சமுதாயத்தினுடையது.

செட்டிநாட்டரசர் அண்ணாமலையார் முன்னின்று 1943இல் தமிழிசைச் சங்கம் கண்டார். பாட்டு மேடையில் தமிழுக்கு இடம் கேட்ட கிளர்ச்சி அது. அதற்குத் தோள் கொடுத்தது திராவிட இயக்கம். மொழிக்குக் கேட்ட நீதியை இனிக் கைக்கும் கேட்போம். இசைக் கல்லூரிதோறும் கருவி செய்யும் பட்டறை வேண்டும். வாய்ப்பாட்டு மாணவனும் வீணை மாணவியும் இழைப்புளி பிடிக்கட்டும். தஞ்சையிலும் மானாமதுரையிலும் கருவி செய்வோரின் பிள்ளைகள் மேடையேறி வாசிக்கட்டும். கச்சேரி அறிவிப்பில் பாடுபவர் பெயரோடு, பக்கத்தில் இசைப்பவர் பெயரோடு, கருவி செய்தவர் பெயரும் ஒலிக்கட்டும்.

செய்தவனை மறந்து கருவியைத் தொட்டுக் கும்பிடுவது பக்தியாக இருக்கலாம், நன்றி ஆகாது. நன்றி தொடங்கும் இடம் பெயர் சொல்லும் இடம். சொல்லுவோம்!