கடைந்த கேப்பா, அச்சிட்ட கேப்பா?

நீலகிரியின் சேரங்கோட்டில் தேயிலைக் கொழுந்து பறிப்பவருக்கு ரூட் கெனால் முடிந்ததும் வலி போய்விடும். வலியோடு மருத்துவரிடம் போகும் அவசரமும் போய்விடும். கூடலூருக்கு ஒரு நடை என்றாலே அன்றைய கூலி போச்சு. ஊட்டி என்றால் நடுவட்டம் மலையேற வேண்டும். சொத்தையும் சிகிச்சையும் குடைந்ததில் சுவர் மெலிந்த கடைவாய்ப் பல்லைப் பிளக்க ஒரு கொட்டைப்பாக்கு போதும். ரூட் கெனாலுக்குப் பின் கேப் என்னும் மேலுறை போடாத பற்கள், போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் பறிபோனதை 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

கேப்பைக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கலாம், அல்லது அடுக்கடுக்காக அச்சிடலாம். இவற்றில் கடையும் முறைக்கு வயது அதிகம். 1985இல் சூரிச்சில் பல் மருத்துவர் மோர்மனும் பொறியாளர் பிராண்டெஸ்டினியும் நோயாளியின் நாற்காலிக்கு அருகிலேயே அதைத் தொடங்கிவைத்தார்கள். லித்தியம் டைசிலிகேட் என்ற பீங்கான் கட்டி ஊதா நிறத்தில் வரும். கடைந்து, சுமார் 840 டிகிரி உலையில் வைத்த பிறகே பல்லின் நிறமும் முழு வலுவும் பெறும். வளைவு வலு 360 மெகாபாஸ்கலுக்குக் குறையாது; சிர்கோனியா என்ற இன்னொரு பீங்கான் 1000ஐத் தொடும். ஆனால் கட்டியில் பெரும்பங்கு தூளாகிப் போகிறது. கடையும் ஊசி தன் பருமனைவிடக் குறுகிய மூலைக்குள் நுழையாது. அங்கே தேவைக்கு மேல் கடைவதால் விழும் இடைவெளியைச் சிமெண்ட்தான் நிரப்ப வேண்டும். எந்திரமும் விலை கூடியது. சிறிய கிளினிக்குகள் வெளியூர் லேபையே நம்பியிருக்கின்றன.

அச்சிடும் முறையில் ரெசின், 50 மைக்ரான் அளவிலான அடுக்குகளாக ஒளிபட்டு இறுகுகிறது. எந்திரம் மலிவு, சேதாரம் குறைவு, வளைவு நெளிவும் எளிது. உடைந்தால் வாயிலேயே ஒட்டலாம். ஆனால் வலு பெரும்பாலும் 150 மெகாபாஸ்கலைத் தாண்டாது. சீக்கிரம் தேயும், வெற்றிலைக் கறை ஏறும். கழுவுவதையும் மறு ஒளியில் இறுக்குவதையும் அவசரத்தில் குறைத்தால் இறுகாத ரெசின் உள்ளேயே தங்கிவிடும். நீண்டகாலச் சான்றும் இன்னும் போதாது.

வலுவை மட்டும் பார்த்தால் கடைந்ததற்கே வெற்றி. ஆனால் எந்தக் கேப்பும் பல்லின் மேல் ஏறினால்தான் பல்லைக் காக்கும். மூன்று வாரம் கழித்து வரச் சொன்ன சிர்கோனியாவைவிட, ரூட் கெனால் முடிந்த அன்றே ஒட்டிய ரெசின் கேப் இந்த ஊருக்குப் பொருந்துகிறது. கடைந்ததைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு நிபந்தனை: இது இடைக்கால ஏற்பாடு என்பதை விலையிலும் சொல்லிலும் மறைக்கக் கூடாது. மாற்ற வேண்டிய மாதத்தைச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதையும் மறந்து நோயாளி வராமலே போகலாம். அப்போதும் அந்தப் பல், மூடாமல் விட்ட பல்லைவிடச் சில காலம் கூடுதலாக மெல்லும்.