மழையும் 110 வேகமும்: பழைய காரில் இஎஸ்சி வேண்டுமா?

ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் கார் ஓட்டுகிறவருக்கு இஎஸ்சி எனப்படும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு தேவையே இல்லை. தேக்காவில் புறப்பட்டு வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டுவதற்குள், நடந்துபோகிறவர்கள் பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு நம்மை முந்திவிடுவார்கள். அந்த வேகத்தில் எந்தக் காரும் சறுக்காது. "இதற்குப் போய்ச் சில ஆயிரம் வெள்ளி கூடக் கொடுக்கணுமாண்ணே?" என்று பழைய கார் தேடுகிற தம்பிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே தம்பி பள்ளி விடுமுறை வந்ததும் என்ன செய்கிறார்? சட்டப்படி முக்கால் தொட்டிக்குக் குறையாமல் பெட்ரோலை நிரப்பி, மனைவி, பிள்ளைகள், மாமியார், கூரையை முட்டும் பைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு துவாஸ் பாலத்தைக் கடக்கிறார். சிங்கப்பூரில் நம் விரைவுச்சாலைகளில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110. பத்துமலைக்கோ, தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கோ போகும்போது நடுவழியில் மழை பிடித்துக்கொண்டால், முன்னே போகிற லாரி தெறிக்கும் தண்ணீரில் சாலையே தெரியாது. இஎஸ்சி வேண்டுமா என்பதை அந்த இடத்தை மனத்தில் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

புதுக் கார் வாங்குகிறவர் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இன்று காட்சியறைகளில் நிற்கும் கார்களில் அது இருக்கிறது. சிக்கல் பழைய காரில்தான். அதிலும் குறிப்பாக, பத்தாண்டு முடிந்து, சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்ட கார்களில். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவுச் சான்றிதழே 106,000 வெள்ளிக்கும் பெரிய கார்களுக்கான 'பி' பிரிவு 150,001 வெள்ளிக்கும் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த விலையைப் பார்த்து மிரண்டு பலரும் பழைய காரின் பக்கம் திரும்பினார்கள். 2008, 2009இல் பதிவான ஜப்பானிய செடான்கள் இன்னமும் நன்றாகவே ஓடுகின்றன, குளிர்சாதனமும் ஜில்லென்று இருக்கிறது. அவற்றில் பலவற்றில் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கும், இரண்டு காற்றுப்பை இருக்கும், இஎஸ்சி இருக்காது. பிறகு பொருத்திக்கொள்ளவும் வழியில்லை. அது காரோடு பிறக்க வேண்டிய உறுப்பு.

இதில் எனக்கு எரிச்சல் தருகிற கணக்கு ஒன்று உண்டு. 2007இல் அமெரிக்கா இஎஸ்சியைக் கட்டாயமாக்க விதி வகுத்தபோது, ஏற்கெனவே ஏபிஎஸ் உள்ள காரில் இதைச் சேர்க்கச் சராசரியாக 111 டாலர் ஆகும் என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டது. நாம் ஒரு காகிதத்துக்கு லட்சம் வெள்ளி கட்டுகிறோம். அப்படி வாங்கின காரில், உற்பத்தியாளர் நூற்றுச் சொச்சம் டாலரை மிச்சம்பிடித்திருக்கிறார். அதே நிர்வாகத்தின் மதிப்பீட்டில், வேறு வண்டி எதுவும் மோதாமல் தானாகவே தடம்புரளும் விபத்துகளை இஎஸ்சி சாதாரணக் கார்களில் 34 விழுக்காடும் எஸ்யுவிகளில் 59 விழுக்காடும் குறைக்கும். 111 டாலருக்கு இதைவிட லாபமான பேரம் கார் வரலாற்றில் சீட்பெல்ட் ஒன்றுதான் என்பேன்.

அது என்னதான் செய்கிறது? நான்கு சக்கரங்களின் சுழற்சியையும் ஏபிஎஸ் ஏற்கெனவே அளந்துகொண்டிருக்கிறது. இஎஸ்சி அதோடு மேலும் சில உணரிகளைச் சேர்த்துக்கொள்கிறது. ஸ்டீயரிங்கை நீங்கள் எவ்வளவு திருப்பினீர்கள் என்று ஒன்று பார்க்கும். கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்பதை மற்றவை பார்க்கும். நீங்கள் கேட்டதும் கார் செய்வதும் ஒத்துப்போகாவிட்டால், உங்கள் கால் பிரேக்கில் இல்லாவிட்டாலும், அது தானே ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்கும். வளைவில் கார் திரும்பாமல் நேரே இழுத்துக்கொண்டு போனால் உட்புறப் பின்சக்கரத்தைப் பிடித்து மூக்கை உள்ளே திருப்பும். பின்பக்கம் வெளியே வீசினால் வெளிப்புற முன்சக்கரத்தைப் பிடித்து வாலை அடக்கும். கூடவே எஞ்சினின் வேகத்தையும் குறைத்துவிடும். எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராலும் ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட முடியாது. அவருக்கு இருப்பது ஒரு பெடல்தான்.

1995இல் போஷ் நிறுவனமும் மெர்சிடிஸும் சேர்ந்து இதை முதலில் பெரிய எஸ் கிளாஸ் காரில்தான் கொண்டுவந்தன. பணக்காரர் பொம்மையாகவே இருந்திருக்கும். ஆனால் 1997 அக்டோபரில் ஸ்வீடனின் ஒரு கார் இதழ், சாலையில் காட்டுமான் குறுக்கே வந்தால் வெட்டி ஒடித்து மீண்டும் தடத்துக்குத் திரும்பும் சோதனையை மெர்சிடிஸின் சின்ன ஏ கிளாஸில் செய்து பார்த்தது. புத்தம்புதுக் கார் குப்புறக் கவிழ்ந்தது. மானம் போன மெர்சிடிஸ் விற்பனையை நிறுத்திவைத்து, ஏ கிளாஸ் எல்லாவற்றிலும் இந்தக் கருவியைப் பொருத்தியது. சின்னக் காருக்கும் இது வந்து சேர்ந்த கதை அதுதான்.

மலேசியா 2018 ஜூன் முதல் புதிதாக அறிமுகமாகும் பயணிகள் கார்களில் இதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே, 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறைப் பெரோடுவா மைவியின் எல்லா ரகங்களிலும் இது இருந்தது. ஜோகூரில் நம்மை உரசிக்கொண்டு போகிற மைவியைப் பார்த்து முகம் சுளிக்கும் நம் ஆட்கள் பலரின் காரில் இது கிடையாது.

சோதனைக்கு வருகிறேன். இதைப் பொதுச்சாலையில் செய்து பார்ப்பது குற்றம், மடத்தனமும்கூட. ஜோகூரில் நடந்த ஓட்டுப் பயிற்சி ஒன்றில், தண்ணீர் தெளித்த மூடிய திடலில் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. இஎஸ்சி இல்லாத ஒரு பழைய 1.5 லிட்டர் செடான். அது உள்ள, ஏறக்குறைய அதே எடையுள்ள ஒரு கார். பிளாஸ்டிக் கூம்புகளை நட்டு வைத்திருந்தார்கள். 60 வேகத்தில் வந்து, இடப்பக்கம் ஒடித்து, உடனே வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

செடானில் முதல் ஒடிப்பு ஒழுங்காகத்தான் இருந்தது. திரும்ப வலப்பக்கம் இழுத்தபோது முதுகுக்குப் பின்னால் ஏதோ லேசாவதுபோல் இருந்தது. பின்சக்கரங்கள் பிடி விட்டுவிட்டன. எதிர்த்திசையில் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும் என்று மூளைக்குத் தெரியும். கை திருப்பி முடிப்பதற்குள் கார் சுற்றி, வந்த வழியையே பார்த்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பயிற்றுநர் சிரித்தார். "நெடுஞ்சாலையில் இந்த இடத்தில் இரும்புத் தடுப்பு இருக்கும்" என்றார்.

இரண்டாவது காரில் அதே வேகம், அதே ஒடிப்பு. வால் வீசத் தொடங்கிய கணத்தில் தரைக்கடியிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம், இருக்கை வழியாக ஓர் அதிர்வு, முகப்பில் மஞ்சள் விளக்கு படபடவென்று சிமிட்டல். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் கேட்கவில்லை. யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தியதுபோல் கார் நேரானது. நான் கெட்டிக்காரத்தனமாக எதுவும் செய்யவில்லை, போக வேண்டிய பக்கம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். பொத்தானை அழுத்தி அதை அணைத்துவிட்டு ஓட்டியபோது, அந்தக் காரும் செடானைப் போலவே சுற்றியது. வித்தியாசம் காரின் தரத்திலோ டயரிலோ இல்லை என்பது அதில் உறுதியானது.

பிறகு வேகத்தைக் கூட்டினோம். 75ஐத் தாண்டியதும் இஎஸ்சி இருந்தும் கார் கூம்புகளைச் சாய்த்துக்கொண்டு வெளியே போனது. சுற்றவில்லை, ஆனால் தடத்தில் நிற்கவும் இல்லை. இந்தப் பகுதியை விற்பனையாளர் யாரும் சொல்லமாட்டார். சாலையும் டயரும் தருகிற பிடியைத்தான் இஎஸ்சி பங்கிட்டுக் கொடுக்கும், இல்லாத பிடியை அதால் உண்டாக்க முடியாது. காலையில் சுமத்ரா காற்றோடு வந்து கொட்டும் மழையில், தேங்கிய நீர்மேல் நான்கு டயரும் மிதந்துவிட்டால், எந்தச் சக்கரத்தைப் பிடித்து என்ன பயன்? டயரின் வரிப்பள்ளம் சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே நான் மாற்றிவிடுவேன். தேய்ந்த டயரில் ஓடும் இஎஸ்சி காரைவிட, நல்ல டயரோடு நிதானமாகப் போகும் பழைய செடானில் ஏற எனக்குத் தயக்கமில்லை.

ஆகவே என் தீர்ப்பு ஆளைப் பொறுத்து மாறும். பூன் கெங்கில் வீடு, ஜாலான் புசாரில் கடை, வாரத்துக்கு ஒருமுறை முஸ்தபா, எல்லை தாண்டுவதே இல்லை என்கிறவர் இதற்காக நல்ல நிலையிலுள்ள காரை விட்டுவிட வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தில் நான்கு நல்ல டயர் போடட்டும். தீவு விரைவுச்சாலையில் தினமும் மழையிலும் வெயிலிலும் போய்வருகிறவர் இஎஸ்சி உள்ளதையே தேட வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது குடும்பத்தோடு மலேசியா போகிறவருக்கு என்னிடம் சலுகை கிடையாது: அது இல்லாத காரை வாங்காதீர்கள். தோல் இருக்கை, பெரிய திரை, அலாய் சக்கரம் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுங்கள். ஏற்கெனவே இஎஸ்சி இல்லாத கார் வைத்திருந்து, சிஓஇயை இன்னொரு பத்தாண்டுக்குப் புதுப்பிக்க யோசிக்கிறவர்களும் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். புதுப்பித்தால் பதிவு நீக்கத்தின்போது கிடைக்கும் 'பார்ஃப்' தள்ளுபடி போய்விடும். சாலை வரிக்கு மேல்வரி ஏறி ஏறி 50 விழுக்காடு வரை போகும். அவ்வளவையும் கட்டி, பழைய காரின் குறையை இன்னும் பத்தாண்டுக்கு நீட்டிக்கொள்ள வேண்டுமா?

இங்கே சம்பாதித்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு சொல். புதுக்கோட்டையில் தம்பி கார் வாங்குகிறான் என்றால், வானம் தெரிகிற கூரை இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். இந்தியாவில் நெடுநாள் இது உயர்ந்த ரகங்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் பாதுகாப்பு மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற இஎஸ்சி இருந்தாக வேண்டும். 2024இல் மாருதி தன் ஆல்ட்டோ கே10இலேயே எல்லா ரகங்களுக்கும் இதைக் கொடுத்துவிட்டது. நான்கைந்து லட்ச ரூபாய்க் காரிலேயே இருக்கும்போது, பத்து லட்சம் கொடுத்து அது இல்லாத ரகத்தை வாங்க எந்தக் காரணமும் இல்லை.

கடைசியாக, விற்பவரிடம் ஏமாறாமல் இருக்க. "ஏபிஎஸ், இபிடி எல்லாம் இருக்கு" என்பார், அவை வேறு. ஒவ்வொரு நிறுவனமும் இஎஸ்சிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. டொயோட்டாவில் விஎஸ்சி, ஹோண்டாவில் விஎஸ்ஏ, நிசானில் விடிசி, மிட்சுபிஷியில் ஏஎஸ்சி, மாஸ்டாவில் டிஎஸ்சி, ஜெர்மானியக் கார்கள் பலவற்றில் இஎஸ்பி. ஒரே மாடலில் ஒரு ரகத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. முகவர் கொண்டுவந்த காருக்கும் தனியார் இறக்குமதிக்கும்கூட வித்தியாசம் இருக்கலாம். ஆகவே பெயரை நம்பாமல் சாவியைத் திருப்புங்கள், எஞ்சினை இயக்க வேண்டாம். சறுக்கும் காரும் அதன் கீழே இரண்டு நெளிகோடும் கொண்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும், சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கருவி இல்லை, அல்லது பழுதை மறைக்க விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். எரிந்து அணையாமல் நின்றால் கருவியில் ஏதோ பழுது, பெரும்பாலும் உணரியாக இருக்கலாம். ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து நின்றால் இரண்டுமே வேலை செய்யவில்லை. "அது சும்மா பேட்டரி மாத்தினதால வருது" என்று சொன்னால், சரிசெய்து காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு முன்பணம் கொடுக்கலாம்.