சின்னக் கேள்வியின் வலிமை

வாய்மொழி வரலாறு சேகரிப்பதை ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டுக் காத்திருக்கும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. பிராசேரோ வரலாற்று ஆவணக் காப்பகத்தின் பதிவுகளைக் கேட்டால் அந்த எண்ணம் போய்விடும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பண்ணைகளில் ஆள் தட்டுப்பாடு வந்தது. 1942இல் அமெரிக்காவும் மெக்சிகோவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1964 வரை மெக்சிகோ விவசாயிகள் ‘பிராசேரோ’ என்ற பெயரில் கூலிகளாகப் போய் வந்தார்கள். கையெழுத்தான ஒப்பந்தங்கள் சுமார் 46 லட்சம். ஒரே ஆள் பலமுறை போனதும் உண்டு. அரசுக் காகிதத்தில் அவர்கள் ஒரு பெயர், ஓர் எண், அவ்வளவுதான். மீதியை மீட்க ஸ்மித்சோனியன் அருங்காட்சியகமும் எல் பாசோ டெக்சாஸ் பல்கலைக்கழகமும் வேறு சில நிறுவனங்களும் கைகோத்து, முதியவர்களான அந்தத் தொழிலாளர்களின் குரல்களை நூற்றுக்கணக்கில் பதிவு செய்தன.

இந்தக் கலையின் நுட்பமெல்லாம் கேள்வியில் இருக்கிறது. “கஷ்டப்பட்டீர்களா?” என்று கேட்டால் “ஆமாம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “விடுதியில் யார் சமைத்தார்கள்? வீட்டுக்குக் கடிதம் எப்படிப் போனது?” என்று கேட்டால் கதவு திறக்கும். உள்ளங்கையில் காய்ப்பு இருக்கிறதா என்று அதிகாரிகள் தடவிப் பார்த்த கதை வரும். துணியைக் களைந்து வரிசையில் நிற்கவைத்து டி.டி.டி. பூச்சிக்கொல்லிப் பொடி அடித்த கதை வரும். எல் பாசோ அருகே ரியோ விஸ்டா போன்ற வரவேற்பு மையங்களில் நடந்தது இது. குட்டைப்பிடிக் களைக்கொட்டோடு நாள் முழுக்கக் குனிந்து நின்ற முதுகுவலியும் வரும். அந்தக் கருவியைக் கலிபோர்னியா தடை செய்தது 1975இல்தான்.

1956இல் புகைப்படக் கலைஞர் லெனார்டு நாடெல் எடுத்த படங்களில் பொடி முகத்தில் படும் கணத்தைப் பார்க்கலாம். அன்றிரவு அந்த மனிதர் என்ன நினைத்தார் என்பதைப் படம் சொல்லாது, குரல்தான் சொல்லும். மனைவி மக்களின் குரல்களையும் சேர்த்தது சேகரிப்பாளர்களின் கூர்மை. அனுப்பிய பணத்தில் குடும்பம் எப்படி நடந்தது என்பது ஊரில் இருந்தவர்களுக்குத்தானே தெரியும்?

சொல்பவர் எதற்காகச் சொல்கிறார் என்பதையும் நல்ல சேகரிப்பாளர் அறிந்திருக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் கூலியில் 10 சதவீதம் சேமிப்பு என்று பிடிக்கப்பட்டது. பலருக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை. அதைக் கேட்டு முதுமையில் போராடியவர்களின் பேச்சில் நினைவும் வழக்கும் பின்னிக் கிடக்கும். அதற்காக அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. எந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்று நிறுத்துப் பார்ப்பதும் இந்தத் தொழிலில் அடக்கம்.

எனக்கு மிகவும் பிடித்தது, இந்தக் காப்பகம் முரண்களுக்குச் சமாதானம் தேடாதது. அவமானத்தைச் சொன்ன அதே வாய் அந்தக் கூலியில் எழுந்த வீட்டைப் பெருமையோடு சொல்லும். “ஆக, அது நல்ல காலமா, கெட்ட காலமா?” என்று தீர்ப்புக் கேட்பவர் கத்துக்குட்டி. 2009இல் ஸ்மித்சோனியன் நடத்திய கண்காட்சிக்கு ‘கசப்பும் இனிப்புமான அறுவடை’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். இரண்டையும் ஒருசேரச் சொல்ல அந்த மனிதர்களை விட்டார்களே, அதுதான் கைத்திறன்.